பிளஸ் ஒன் பெஞ்ச்

எங்க ஸ்கூல்ல ஒரு பேனர் இருந்துச்சு. மஞ்சத் துணியில செவப்பு எழுத்து. ‘வரும் ஆண்டு முதல் மேல்நிலைப் பள்ளி. பெற்றோர்களே வருக!’ ஆண்டு விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஹெச்.எம். ரூம் பீரோவுல இருந்து எடுத்து, வெயில்ல காயப் போட்டு, வேப்ப மரத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவுல இழுத்துக் கட்டுவாங்க. விழா முடிஞ்சா மடிச்சு, பாச்சா உருண்டை போட்டு, மறுபடி பீரோவுக்குள்ள. எழுதின ஆளு கெட்டிக்காரன், எந்த வருஷம்னு போடவே இல்லை. அதனால அது எந்த வருஷத்துக்கும் செல்லுபடி ஆச்சு. நான் ஆறாங்கிளாஸ் சேர்ந்தப்போ தொங்கிக்கிட்டு இருந்துச்சு, பத்தாவது முடிச்சு வெளிய வந்தப்போவும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்ப நெனச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

எங்க ஊரு ஊரப்பாக்கம் ஸ்டேஷன்ல இருந்து உள்ளே மூணு மைல். இப்போ போனீங்கன்னா அபார்ட்மென்ட்டு, லிஃப்டு, வாசல்ல செக்யூரிட்டி, என்னென்னமோ இருக்கு. எண்பதுகள்ல ஒரு ஏரி, கழனி, ஒரு செங்கல் சூளை. அவ்ளோதான். பஸ்ஸு காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதுவும் டிரைவருக்கு மனசு இருந்தா. ஸ்கூல்ல ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும்தான். அதுக்கு மேல படிக்கணும்னா தாம்பரம். ஏரிக்கரை மேலயே நடந்து ஸ்டேஷனுக்குப் போயி ரயில் புடிக்கணும். பையனுங்க ரயில் ஏறிப் போனானுங்க. பொண்ணுங்க வூட்டுல உக்காந்தாங்க. எங்க ஸ்கூலோட வரலாறு இவ்ளோதான், மத்தது எல்லாம் ஜோடனை.

ஜோடனையும் சொல்லிடறேன், பாவம். ஹெச்.எம். ரூம் சுவத்துல ஒரு கல்லு பதிச்சிருக்கும். ஊர்ல பெரிய வூட்டுக்காரரோட அப்பா, வைக்கோல் போட்டு வெச்சிருந்த கொட்டாயையும் அதைச் சுத்தின இடத்தையும் ஸ்கூலுக்குக் குடுத்தாருன்னு அதுல செதுக்கி இருக்கும். ஒவ்வொரு ஆண்டு விழாவுலயும் மகன்காரர் மாலையைப் போட்டுக்கிட்டு மேடை ஏறி, அப்பா குடுத்த கதையை ஆதியோட அந்தமா சொல்லுவாரு. சொல்லி முடிச்சு, ஏரிப் பக்கமா கையை நீட்டி, “அதோ, அந்த வரப்பு வரைக்கும் நம்ம கழனிதான். பிளஸ் டூ வரட்டும், நானே எழுதிக் குடுக்கறேன்”னு முடிப்பாரு. நாங்க கை தட்டுவோம். கை தட்டறதுக்கு முன்னாடி வாரமே ரிகர்சல் நடக்கும்.

இதெல்லாம் எல்லா ஊர்லயும் இருக்கும். எங்க ஸ்கூல்ல மட்டும் இருந்த வழக்கம் ஒண்ணு இருக்கு. அதைத்தான் நான் சொல்ல வந்தது.

நான் சேர்றதுக்கு முன்னாடி எப்பவோ ஒரு அதிகாரி வந்து பார்த்துட்டு, “பிளஸ் ஒன் குடுத்தா படிக்க ஆள் இருக்காய்யா இங்க?”ன்னு கேட்டாராம்.  அந்தக் கேள்வி ஹெச்.எம். சாரை ரொம்ப நாள் அரிச்சிருக்கு. கடைசியில ஒரு யோசனை பண்ணாரு. பத்தாவது பாஸ் பண்ற பொண்ணுங்க யாரும் டி.சி. வாங்கிட்டுப் போகக் கூடாது. டி.சி.யை அவரே எழுதி, எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, ஸ்கூலை விட்டு நின்ன தேதியை மட்டும் காலியா விட்டு, பேனர் இருக்கிற அதே பீரோவுல வெச்சுப்பாரு. அடுத்த தடவை அதிகாரி வந்தா, இதோ சார், இத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு எடுத்துக் காட்டலாம். காகிதம் மட்டும் போதாதுன்னு பொண்ணுங்களையும் தினம் வரச் சொன்னாரு. அதே நீலத் தாவணி யூனிஃபார்ம். வராண்டா கோடியில ஒரு நீள பெஞ்சு. அதுல உக்காந்திருக்கும் அந்தப் புள்ளைங்களுக்கு நாங்க வெச்ச பேரு பிளஸ் ஒன். “பிளஸ் ஒன் அக்கா தண்ணி கேக்குது,” “பிளஸ் ஒன் அக்கா நோட்டு திருத்துது.” இல்லாத கிளாஸுக்குப் புள்ளைங்க மட்டும் இருந்தாங்க. வாத்தியார் வராத அன்னைக்கு ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் அவங்கதான் பாடம் எடுத்தாங்க. வாத்தியாருங்க வராத நாளுக்கு எங்க ஸ்கூல்ல பஞ்சமே கிடையாது.

ஒரு வருஷம் உக்காருவாங்க. சில பேர் ரெண்டு வருஷம். அப்புறம் ஒரு நாள் ஒருத்தி வரமாட்டா. கல்யாணம்னு சேதி வரும். அவ டி.சி. பீரோவுலயே கெடக்கும். கல்யாணத்துக்கு டி.சி. எதுக்கு?

ஹெச்.எம். சார் கெட்டவர் இல்லை. இதைச் சொல்றதுக்கு எனக்கு இவ்ளோ வயசாக வேண்டியிருந்துச்சு. கெட்டவரா இருந்திருந்தா எவனாவது ஒருத்தன் நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பான். அவரு நல்லவர், சைக்கிள்ல பெருங்களத்தூர்ல இருந்து வந்து போறவரு, அந்த பிளஸ் டூவுக்காக ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சவரு. வரும் வரும்னு அவரே நம்பினாரு. அந்த நம்பிக்கைக்கு எங்க ஊர்ப் பொண்ணுங்களை ஜாமீன் வெச்சாரு, அது அவருக்குத் தெரியவே இல்லை.

எங்க அக்கா என்னை விட ரெண்டு வயசு பெரியவ. பத்தாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட். நானூத்திப் பன்னெண்டு. மார்க் ஷீட்டை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, கவர் வாயை மெழுகுவத்தியில காட்டி ஒட்டி வெச்சிருந்தா. டாக்டராகணும்னு எல்லாம் அவ சொன்னதில்லை. “பிளஸ் ஒன்ல தவளை அறுக்கணுமாம்டி, நான் அறுப்பேன்”னு மட்டும் சொல்லுவா. எங்கப்பாவுக்கு ரெண்டு எருமை. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைங்களுக்குப் பால் ஊத்துறவரு. அக்காவும் அம்மாவும் தாம்பரம் போயி, அங்க இருந்த பொண்ணுங்க ஸ்கூல்ல ஃபாரம் வாங்கிட்டு வந்துட்டாங்க. அப்பா ஒரு வாரம் மோட்டுவளையைப் பார்த்துட்டு, “சரி, திங்கக்கிழம நானே இட்டுகினு போறேன்”ன்னாரு. திங்கக்கிழமைதான் கடைசித் தேதி. அக்கா அன்னைக்கு எருமைக்குக் கூடப் பாட்டுப் பாடினா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், எட்டாவது முடிச்சு லீவுல ஸ்கூல் வழியாப் போன என்னை ஹெச்.எம். சார் கூப்பிட்டாரு. “உங்க அக்காவை டி.சி. கேட்டு வர வேணாம்னு வூட்ல சொல்லும்மா. இந்த வருஷம் ஆர்டர் கண்டிப்பா வரும். மேல பேசிட்டேன். உங்க அக்கா மாதிரி புள்ளை லிஸ்ட்ல இருந்தாதான் எடுப்பா இருக்கும்.” இவ்ளோதான் அவரு சொன்னது. ஒரு எழுத்து கூட கூட்டலை.

கூட்டினது நான்.

ஏன் கூட்டினேன்? ஏரிக்கரையில சூளைக்குப் பக்கத்துல மூணு நாய் இருந்துச்சு. அக்கா கூட வந்தா அது குரைக்கும், நான் தனியாப் போனா துரத்தும். என் கணக்கு நோட்டுல பாதிக் கணக்கு அக்கா போட்டது. அவ தாம்பரம் போயிட்டா நான் நாய்கிட்டயும் கணக்குகிட்டயும் தனியா மாட்டுவேன். வேற பெரிய காரணம் எதுவும் இல்லை. வேற காரணம் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு பல தடவை தேடிப் பார்த்திருக்கேன், கிடைக்கலை. வெளக்கு வைக்கிற நேரம் அப்பா பால் கேனைக் கழுவிக்கிட்டு இருந்தாரு. நான் போயி, “பிளஸ் ஒன்னுக்கு ஆர்டர் வந்துருச்சுப்பா, ஹெச்.எம். சொல்லி அனுப்பிச்சாரு”ன்னேன்.

“யாருடி சொன்னது? வந்துருச்சா, வரப் போவுதா?” அப்பாவுக்கு எதையும் ரெண்டு தடவை கேக்கற பழக்கம்.

“வந்துருச்சுப்பா. நானே பாத்தேன். வட்ட சீலு. பச்சை இங்க்ல கையெழுத்து.”

பச்சை இங்க்! அந்த பச்சை இங்க் எனக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ. அப்பா கேனைக் கவுத்து வெச்சுட்டு, “அப்பால இன்னா, உள்ளூர்லயே படிக்கட்டும். ரயிலு கியிலு எல்லாம் இன்னாத்துக்கு?”ன்னாரு. அவரு மூஞ்சியில அவ்ளோ நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. அக்கா கதவுகிட்ட நின்னுக்கிட்டு என்னையே பார்த்தா. “நெசமாவாடி?” “ஆமாங்கறேன்!” நான் கத்தினேன். அவளும் சிரிச்சா. ஊரை விட்டுப் போக அவளுக்கும் கொஞ்சம் பயம் இருந்திருக்கும். அந்த ஃபாரத்தை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னாடி சொருகிட்டா. திங்கக்கிழமை வந்துச்சு, போச்சு.

ஜூன்ல ஸ்கூல் திறந்தப்போ பிளஸ் ஒன் கிளாஸ் ஆரம்பிக்கலை. “ஜூலையில ஆரம்பிச்சிடலாம்மா”ன்னாரு ஹெச்.எம். அக்கா நீலத் தாவணியைக் கட்டிக்கிட்டு பெஞ்சுல போயி உக்காந்தா. அந்த வருஷம் பெஞ்சுல அஞ்சு பேர். அதுல ஒருத்தி சைக்கிள் கடை பாயோட பொண்ணு, அக்காவோட ஃபிரெண்டு.

ஜூலை நடுவுல ஒரு நாள் பாய் கடையைப் பாதியில போட்டுட்டு, கையில கிரீஸ் கறையோட, நேரா ஹெச்.எம். ரூம் வாசலுக்கு வந்தாரு. நாங்க கிளாஸ் ஜன்னல்ல இருந்து பார்த்தோம். சத்தம் போடலை. “சார், என் பொண்ணு படிக்கத்தான் இங்க வந்துச்சு. உக்கார்றதுக்கு எங்க வூட்லயே எடம் கீது. சீட்டைக் குடுத்துடுங்க”ன்னாரு. ஹெச்.எம். என்னென்னமோ சொல்லிப் பார்த்தாரு. லிஸ்ட்டு, ஊர் நன்மை, இன்னும் பத்தே நாள். பாய் வேட்டியில கையைத் துடைச்சுக்கிட்டு அங்கயே நின்னாரு. அரை மணி நேரம். டி.சி. கைக்கு வந்ததும் சலாம் வெச்சுட்டுப் போயிட்டாரு. தாம்பரத்துல யார் யார் கால்லயோ விழுந்து லேட் அட்மிஷன் வாங்கிட்டாரு. ஊரே அவரைத் திட்டுச்சு. நம்ம ஸ்கூல் உருப்படறது அந்த ஆளுக்குப் பிடிக்கலைன்னு பெரிய வூட்டுக்காரர் டீக்கடையில சொன்னாராம்.

அன்னைக்கு சாயங்காலம் அக்கா அப்பா முன்னாடி போயி நின்னா. “அப்பா, நாமளும் போயி கேக்கலாம்பா. இன்னும் சேத்துக்கறாங்களாம்.” அவ எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்னைக்குக் கெஞ்சினா.

அப்பா எருமைக்குத் தவிடு கலக்கிக்கிட்டே, “இன்னாத்துக்கு இப்படிப் பறக்கற? ஆர்டர் வந்து கீதுன்னு பாப்பாவே கண்ணால பாத்துக்கீது. இன்னாடி, பாத்தியா இல்லியா?”ன்னு என் பக்கம் திரும்பினாரு.

அப்போ சொல்லி இருக்கலாம். மூணு வார்த்தை. பாக்கலைப்பா, பொய் சொன்னேன். ரெண்டு அறை விழுந்திருக்கும், அவ்ளோதான். நான் “பாத்தேன்”னேன். சொல்லிட்டு எருமைக்குப் பின்னாடி போயி நின்னுக்கிட்டேன்.

ஆகஸ்ட்ல ஒரு அதிகாரி ஜீப்புல வந்தாரு. ஹெச்.எம். சாருக்குக் கை கால் ஓடலை. காலி ரூம் ஒண்ணைப் பெருக்கி, போர்டுல ‘பதினோராம் வகுப்பு’ன்னு எழுதி, பெஞ்சை அப்படியே தூக்கி உள்ளே போட்டு, மிச்சம் இருந்த நாலு பேரையும் உக்கார வெச்சாரு. முன்ன எப்பவோ உக்காந்து கல்யாணம் ஆகிப் போனவங்க ரெண்டு பேரையும் தாலியைத் தாவணிக்குள்ள மறைச்சுக்கிட்டு வரச் சொன்னாரு. கண்றாவி, அதையும் செஞ்சோம். அதிகாரி அக்காவைப் பார்த்து, “என்னம்மா குரூப் எடுப்பே?”ன்னாரு. “சயின்ஸ் குரூப் சார்.” “பேஷ்”னு சொல்லிட்டு, ஹெச்.எம். பக்கம் திரும்பி, “லேப் எங்கே? நிலம் எங்கே?”ன்னு கேட்டாரு. பெரிய வூட்டுக்காரர் மாலை இல்லாமயே கையை நீட்டினாரு. அதோ, அந்த வரப்பு வரைக்கும். அதிகாரி எழுதிக்கிட்டாரு, எளநீர் குடிச்சாரு, போயிட்டாரு.

மறு வருஷம் அந்த வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெள்ளை அடிச்ச கல்லு நட்டாங்க. ஒரு கல்லு கூட கோணலா இல்லை. வாசல்ல ஒரு வளைவு, அதுல அவங்கப்பா பேரைப் போட்டு ஒரு நகர். பெரிய வூட்டுக்காரர் அந்த வருஷ ஆண்டு விழாவுக்கும் வந்தாரு, மாலையும் போட்டுக்கிட்டாரு. கையை மட்டும் வேற பக்கமா நீட்டினாரு. நாங்க ரிகர்சல் பண்ண மாதிரியே கை தட்டினோம்.

அக்கா ரெண்டு வருஷம் அந்த பெஞ்சுல உக்காந்தா. முத வருஷம் தாம்பரத்துல படிக்கிற பாய் பொண்ணுகிட்ட இருந்து புக்கை வாங்கி வந்து தானே படிச்சா, தவளைப் படத்தைப் பார்த்து நோட்டுல வரைஞ்சா. குடலு, ஈரல், எல்லாத்துக்கும் அம்புக்குறி போட்டு பேரு எழுதினா. ரெண்டாவது வருஷம் ஆறாங்கிளாஸுக்குக் கணக்கு எடுத்ததோட சரி. சாயங்காலம் திரும்பி வர்றப்போ என் கூட ஏரிக்கரையில நடப்பா. நாய் குரைச்சா கல்லை எடுப்பா. நான் ஆசைப்பட்டது நடந்துடுச்சு இல்லையா, அக்கா கூடவே இருந்தா. ஆனா பேச்சு குறைஞ்சு போச்சு. கணக்கு கேட்டா போட்டுக் குடுப்பா, பதில் சொல்லுவா, அவ்ளோதான்.

நான் பத்தாவது பாஸ் பண்ணப்போ ஹெச்.எம். சார் எனக்கும் டி.சி. எழுதி பீரோவுல வெச்சுட்டாரு. நான் வூட்ல வாயே திறக்கலை. எனக்கு இது வேணும்னு நெனச்சேன், அவ பக்கத்துல போயி உக்காருவோம். அக்காவுக்கு அப்போ அனகாபுத்தூர்ல மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் ஆகியிருந்துச்சு. தவிட்டுக் கடைக்காரர், அப்பாவுக்குத் தவிடு குடுக்கறவங்களுக்கு சொந்தம். ஒரு காலையில அக்கா தாவணியை விட்டுட்டுப் புடவையைக் கட்டிக்கிட்டா. என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஹெச்.எம். ரூமுக்குப் போனா.

“சார், இவளோட டி.சி. குடுங்க.”

“ஏம்மா, இந்த வருஷம் எப்படியும்...”

“சார். குடுங்க.”

பாய் நின்ன அதே எடத்துல நின்னா. அவரு பீரோவைத் திறந்து என்னுதை எடுத்தாரு. தேதி போட்டாரு, கையெழுத்துப் போட்டாரு. அந்தக் கட்டுல அக்காவோடதும் இருந்துச்சு, நான் பார்த்தேன். “உன்னோடதும் குடுத்துடவாம்மா?”ன்னாரு. “எனக்கு எதுக்கு சார்?”னு சொல்லிட்டு அக்கா வெளிய வந்துட்டா. என்னைத் தாம்பரத்துல சேர்த்து விட்டதும் அவதான். அப்பா சரின்னுட்டாரு, ஒருத்திக்குக் கல்யாணம் முடிவான சந்தோஷம் அவருக்கு. ஆவணியில கல்யாணம். நான் பிளஸ் ஒன்ல தவளையை அறுத்தேன். அறுக்கறப்போ எனக்கு வாந்தி வந்துச்சு.

அப்புறம் நான் காலேஜ் போனேன், தபால் ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்தேன். அக்காவுக்கு ரெண்டு புள்ளைங்க. அனகாபுத்தூர் சந்துல ஆத்துத் தண்ணி ரெண்டு தடவை வூட்டுக்குள்ள வந்துச்சு. ரெண்டாவது தடவை, “பையனை ஒரு கையில, மார்க் ஷீட்டை ஒரு கையில தூக்கிக்கினு எதுத்த வூட்டு மாடிக்கு ஏறினேன்டி”ன்னு சொன்னா. தவிட்டு மூட்டை எல்லாம் ஊறிப் போச்சுன்னு அக்கா வூட்டுக்காரர் அவளை அடிச்சதை அவ சொல்லலை, அம்மாதான் சொன்னாங்க.

தொண்ணூறுகளோட நடுவுல ஒரு வருஷம், எப்படியோ, யார் தயவுலயோ, எங்க ஸ்கூலுக்கு பிளஸ் ஒன் வந்துடுச்சு. ஏரிப் புறம்போக்குல ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஷெட்டு. சயின்ஸ் குரூப் இல்லை, லேப்பும் இல்லை. ஹெச்.எம். சாருக்கு ரிடையர்மென்ட் வருஷம். பீரோவைக் காலி பண்ணி ஒப்படைக்கணுமே, அதனால பழைய பொண்ணுங்க எல்லாருக்கும் கார்டு போட்டாரு. தொடக்க விழாவுக்கு வரணும், அப்படியே மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு போகணும்னு. அக்கா கார்டைக் கையில வெச்சுக்கிட்டு எனக்குப் போன் பண்ணா. “நீயும் லீவு போட்டுட்டு வாடி”ன்னா. குரலு பழைய குரலா இருந்துச்சு. 

சின்னதை இடுப்புல வெச்சுக்கிட்டு, தோள்ல ஒரு பையோட வந்தா. ஸ்டேஷன்ல இருந்து பழைய ஏரிக்கரையிலயே நடந்தோம். சூளை இல்லை, நாயும் இல்லை. ரெண்டு பக்கமும் வூடுங்க. பையில இன்னாக்கான்னு கேட்டேன். மார்க் ஷீட்டு. கவரைப் பிரிக்காம அப்படியே கொண்டு வந்திருந்தா. “ஒரு வேளை கேட்டாங்கன்னா?”ன்னா.  பத்து வருஷமாச் சொல்லாதது அப்போதான் வெளிய வந்துச்சு.

“அக்கா, அந்த ஆர்டரை நான் பாக்கலைக்கா. பச்சை இங்க் எல்லாம் பொய்.”

அவ நிக்கலை, நடந்துக்கிட்டே இருந்தா. “தெரியும்.”

“தெரியுமா?”

“அப்பாவுக்கும் தெரியும். ஞாயித்துக்கிழம காலையிலயே டீக்கடையில ஹெச்.எம்.மைப் பாத்து கேட்டுட்டாரு. இன்னும் வரலைன்னு அவரே சொல்லிட்டாராம். அப்பா வந்து அம்மாகிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அதுக்கும் மறுநாள்தானே திங்கக்கிழம? இட்டுகினு போவாருன்னு தலை பின்னிகினு ரெடியா உக்காந்திருந்தேன்.” கொழந்தையை அந்தப் பக்க இடுப்புக்கு மாத்திக்கிட்டா. “நீ சொல்லலன்னா வேற எதுனா கெடச்சிருக்கும் அவருக்கு. வுடு.”

எனக்கு அழுகையா ஆத்திரமான்னு தெரியலை. ஜூலையில தவிடு கலக்கிக்கிட்டே, பாத்தியா இல்லியான்னு என்னைக் கேட்டாரே மனுஷன்! பொய்னு தெரிஞ்சே கேட்டிருக்காரு. நான் பாத்தேன்னு சொன்னப்போ, பொய்னு தெரிஞ்சே அக்காவும் கேட்டுக்கிட்டு நின்னிருக்கா. “ஏன்க்கா அன்னைக்கே சொல்லலை?”ன்னேன். “சொல்லி?”ன்னா.

ஸ்கூல் வாசல்ல அதே பேனர் தொங்குச்சு. ‘வரும் ஆண்டு முதல்’ங்கிறது மேல மட்டும் ஒரு மஞ்சத் துணியை வெச்சுத் தெச்சிருந்தாங்க. ஷெட்டுக்குள்ள பிளஸ் ஒன் புள்ளைங்க பதினோரு பேர், பழைய பெஞ்சும் அங்கதான் இருந்துச்சு. கார்டு போட்டதுல வந்தது நாங்க மட்டும்தான். ஹெச்.எம். சாருக்கு முடியெல்லாம் கொட்டிப் போச்சு. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டாரு. “பாத்தியாம்மா, வந்துடுச்சு! நான் சொன்னேனா இல்லையா?” கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. நெசமாவே சந்தோஷப்பட்டாரு. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கலை.

அக்கா பையைத் திறந்து கவரை மேசை மேல வெச்சா. “சார், நான் சேரலாமா சார்?”

அவரு கவரைப் பார்த்தாரு. இடுப்புல இருந்த கொழந்தையைப் பார்த்தாரு. அது அவரோட பேனாவைப் புடிக்கக் கையை நீட்டுச்சு. “வயசு தாண்டிடுச்சேம்மா”ன்னாரு, ரொம்ப மெதுவா. “தனித் தேர்வு எழுதலாம். வூட்ல சம்மதிச்சா.” அக்கா தலையாட்டினா. கவரை எடுத்து மறுபடி பையில வெச்சா. 

அவரு பீரோவுல இருந்து டி.சி.யை எடுத்தாரு. ஓரமெல்லாம் பழுத்துப் போயிருந்துச்சு, பாச்சா உருண்டை வாசனை. ‘மேல் வகுப்புக்குச் செல்லத் தகுதி பெற்றவரா?’ங்கிற கட்டத்துல ‘ஆம்’னு அவரோட முத்து முத்தான கையெழுத்து. ஸ்கூலை விட்டு நின்ன தேதி மட்டும் காலி. பேனாவைத் திறந்து வெச்சுக்கிட்டு, அக்காவைப் பார்த்து, “எந்தத் தேதிம்மா போடட்டும்?”னாரு.

 வெளிய ரயில் தண்டவாளத் துண்டுல மணி அடிச்சாங்க. ஷெட்டுல இருந்து புள்ளைங்க எழுந்துக்கற சத்தம் கேட்டுச்சு.

“இன்னைக்குத் தேதியே போடுங்க சார்.”

போட்டாரு. எனக்கு எதுக்குன்னு அக்கா குடுத்துட்ட அந்தத் தாளு இப்போ என்கிட்டதான் இருக்கு. அதுல இருக்கிறபடி பார்த்தா, எங்க அக்கா அந்த ஸ்கூல்ல பதினஞ்சு வருஷம் படிச்சிருக்கா. கடைசியாகப் படித்த வகுப்பு, பத்து.